காலையில் கை கொடுத்த குற்றம்

வேலை பார்த்த காலத்தில் நான் வாங்கிய நியாயமான திட்டுகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்தில் இல்லை. வாங்கினேன், திருத்திக்கொண்டேன், மறந்துவிட்டேன். அநியாயத்துக்கு வாங்கியவைதான் அப்படியே இருக்கின்றன, திட்டியவரின் மூக்குக் கண்ணாடி உட்பட. அவற்றில் முதல் இடம், காலையில் சக ஊழியர்களுக்குக் கை கொடுத்ததற்காக வாங்கியதற்குத்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்து ஆபீஸ்களில் அது ஒரு வழக்கம். காலையில் வருகிறவர் நேராகத் தன் நாற்காலிக்குப் போய்விட முடியாது. வாசலில் இருக்கும் பியூனில் தொடங்கி, மேசை மேசையாகப் போய் ‘போன்ழூர்’ சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ‘ஷெஃப்’ என்று நாங்கள் சொன்ன பெரிய அதிகாரியும் அப்படித்தான். யாரையாவது விட்டுவிட்டால், அவர் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மத்தியானம் தனியாகப் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

கன்னியர் பள்ளியில் படித்து, ‘ப்ரெவே’ பரீட்சை தேறி, டைப் அடிக்கிற வேலைக்கு அங்கே சேர்ந்தவள் நான். ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரமே செய்தி முதலியார்பேட்டையில் எங்கள் வீடு வரைக்கும் போய்விட்டது.

“ஊர்ல உள்ள ஆம்பளைக்கெல்லாம் கை குடுத்துட்டு வர்றியாமே, என்னாடி இது?” என்றாள் அம்மா.

“குடுத்தாத்தாம்மா உள்ள விடறாங்க. பாதிப் பேருக்குக் கை வேர்த்து ஊத்துது. நானே அதத் தொடைக்க கைக்குட்டை எடுத்துட்டுப் போறேன்.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பா காலமாகிவிட்டிருந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதனால் வெள்ளைக்காரன் பெரிய சமத்துவக்காரன் என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் கையைக் குலுக்கிய ஷெஃப், சாயங்காலம் கடற்கரையில் எதிரே வந்தால் அலையைப் பார்த்துக்கொண்டு போவார். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பியூனுக்குக் கொடுக்கும்போது மட்டும் விரல் நுனியைத் தொட்டும் தொடாமலும் நீட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அந்தப் பியூன், ஊருக்கு வடக்கே ஒரு சேரியிலிருந்து வருகிறவர். ஐம்பது வயதிருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ‘சொல்தா’, அதாவது சிப்பாயாக இருந்து, கப்பலேறிச் சைகோன் வரை போய்ச் சண்டை போட்டுத் திரும்பியவர். நுனி விரலை நீட்டுகிறவர்களிடம் அவரும் நுனி விரலைத்தான் நீட்டுவார். நான் முழுக் கையையும் கொடுப்பேன். “போன்ழூர், மெஸ்யே” என்பேன். “போன்ழூர், மத்மொசெல்” என்று விறைப்பாக நின்று சொல்வார். மற்றபடி எங்களுக்குள் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது.

பிறகு ஆட்சி மாறியது. ஷெஃப் தன் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறினார். காகிதங்கள் ஒவ்வொன்றாக இங்கிலீஷுக்கு மாறின. நானும் சாயங்காலங்களில் இங்கிலீஷ் டைப் பழகினேன். ஆனால் என் வேலை தற்காலிகம் என்றே நின்றது. அதை நிரந்தரமாக்க, சென்னையிலிருந்து எங்களுக்குப் புதிதாக வந்த சூப்பிரண்டு ஒரு வார்த்தை சிபாரிசு எழுத வேண்டும். அவர் எழுதினால் வீடு பிழைக்கும். எழுதாவிட்டால் நான் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

அந்த மனிதர் வந்த முதல் நாள் காலை, வழக்கப்படி அவர் மேசைக்குப் போய்க் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். ஏதாவது காகிதம் கொண்டுவந்திருக்கிறேனா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் தன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்.

“ஏம்மா, இது ஆபீஸா, கல்யாண வீடா?” என்றார்.

“ஆபீஸ்தான் சார். கல்யாண வீடுன்னா சந்தனம் குடுத்திருப்பேன்.”

வாய்க்கு வந்துவிட்டது, சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தன் சிரிப்பை மறைக்க மேசைக்கு அடியில் எதையோ தேடினார். அந்தப் பதிலுக்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஆனால் அதன் பலனை வட்டியோடு அனுபவித்தேன்.

அன்றிலிருந்து நான் எதைச் செய்தாலும் குற்றம். மல்லிகை வைத்துக்கொண்டு போனால், வாசனையில் அவருக்குத் தலை வலித்தது. கையால் ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவது எங்கள் பள்ளிப் பழக்கம், “ஏழுக்கு எதுக்கு இடுப்புல அரைஞாண்?” என்று கூடமே கேட்கக் கத்தினார். ஒருநாள் டைப் மிஷின் சத்தம் அதிகமாக இருக்கிறது, மெதுவாக அடி என்றார். மெதுவாக அடித்தேன். எழுத்து விழவில்லை. எழுத்து விழவில்லையே என்று அதற்கும் திட்டினார். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. அவர் மூக்குப்பொடி போட்டுத் தும்முகிற சத்தத்தில் மாடத்துப் புறா பறக்கும். என் மிஷின் சத்தம்தான் அவருக்கு ஆகவில்லை.

இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. மற்றவர்களிடம் வழக்கம் போலக் கை கொடுத்துக்கொண்டும் இருந்தேன். ஒரு காலை, நான் வாசலில் பியூனுக்குக் கை கொடுத்ததை சூப்பிரண்டு தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். உடனே கூப்பிட்டு அனுப்பினார்.

“இந்தக் கை குடுக்கற வேலையெல்லாம் இன்னியோட நிக்கணும்” என்றார். இந்தத் தடவை கத்தவில்லை.

“ஏன் சார்?”

“ஏன்னா கேக்கறே? பொம்பளப் புள்ள, ஆம்பளைங்களத் தொடறதே தப்பு. அதுலயும் யாரைத் தொடறோம்னு ஒரு இது வேணாமா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவரை அவர் என் மல்லிகையைப் பற்றியும் மிஷின் சத்தத்தைப் பற்றியும் பேசியதெல்லாம் சுற்றுப்பாதை. வந்து சேர்ந்த இடம் இதுதான். எனக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

“எழுத்துல குடுங்க சார்.”

“என்னது?”

“யாருக்குக் கை குடுக்கலாம், யாருக்குக் கூடாது, ஏன் கூடாதுன்னு உத்தரவா எழுதிக் குடுங்க. நீங்க சொல்லச் சொல்ல நானே டைப் அடிச்சுத் தர்றேன். கையெழுத்து மட்டும் போடுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீண்டாமை சட்டப்படி குற்றம் என்று புதிய அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம். அதே அரசாங்கத்தின் காகிதத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கென்ன பைத்தியமா? என்னை வெளியே போகச் சொன்னார். நான் வெளியே வரும்போது, “உன் பேப்பர் என்கிட்டதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ” என்றார்.

அந்த வார்த்தை கூடம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை ஒருவரும் கை கொடுக்க மேசை மேசையாக வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் நேராக நாற்காலிக்குப் போய், உட்கார்ந்தபடியே தலையை ஆட்டிக்கொண்டார்கள். அத்தனை வருஷப் பழக்கம் ஒரே இரவில் போயே போய்விட்டது. பக்கத்து மேசைக்காரர், முந்தின நாள் வரை ஷெஃப் மாதிரியே குனிந்து போன்ழூர் சொல்கிறவர், நான் கையை நீட்டியதும் பேனாவுக்கு மை ஊற்ற ஆரம்பித்தார்.

“எதுக்கும்மா வம்பு? நீயும் உட்டுடு. ஒரு கும்புடு போட்டா கொறஞ்சா போயிடுவோம்?” என்றார் மைப்புட்டியைப் பார்த்து.

கும்பிடு போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கும்பிடு நம்முடைய கும்பிடு. ஆனால் நேற்று வரை கொடுத்த கையை இன்று ஒருவர் மிரட்டி நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதா? எனக்கு அது முடியாது. பிறவி அப்படி.

மேசைக்காரர்கள் வேண்டாமென்றால் போகட்டும் என்று, வாசலில் பியூனுக்கு மட்டும் தினமும் கொடுத்தேன். சில நாள் வாங்கிக்கொண்டார். ஒரு காலை நான் கையை நீட்டியபோது, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“வேணாம்மா. உங்க வேல நெலைக்கட்டும். நீங்க குடுக்கலன்னு நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அன்று எனக்கு அழுகை வந்தது. சூப்பிரண்டு திட்டியதற்கெல்லாம் வராத அழுகை. மிஷினுக்குப் புது ரிப்பன் மாட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் காகிதம் நகரவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வேலை நிரந்தரமானது. அம்மா தினமும் “என்னாச்சுடி?” என்று கேட்பாள், “வரும்மா” என்பேன். வராமல் போனால் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அவர் காலில் விழப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மழை தொடங்குகிற சமயத்தில் சூப்பிரண்டுக்கும் மேலே உள்ள அதிகாரி ஆபீஸைப் பார்வையிட வந்தார். தேங்கிக் கிடக்கும் வேலைகளை எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், கூடத்தின் நடுவில் நின்று, இந்தப் பெண்ணின் காகிதம் ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

“நடத்தை சரியில்லீங்க” என்றார் சூப்பிரண்டு.

அந்தக் காலத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்துவிட்டேன்.

“என்ன நடத்தைன்னு சொல்லச் சொல்லுங்க சார்” என்றேன்.

அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் மென்று விழுங்கினார். “காலைல எல்லாருக்கும் கை குடுக்கறாங்க” என்றார்.

“கையா? இந்த ஊர்ல எல்லாரும்தானே குடுக்கறாங்க? வேற ஆபீஸ்ல எனக்கே அஞ்சு பேர் குடுத்தாங்களே.”

“இல்லீங்க... கீழ உள்ளவங்களுக்கும்...”

“யாருக்கு?”

கூடத்தில் இருந்த ஆண்களில் ஒருவரும் நிமிரவில்லை. அப்போது வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

“எனக்குங்க.”

பியூன், அதிகாரிக்காகக் கொண்டுவந்த காகிதக் கட்டுகளோடு நின்றிருந்தார். அவற்றைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, பட்டாளத்தில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

“என் சாதிக்காகத்தாங்க அவரு சொல்றது. அந்தம்மா நடத்தையில ஒரு கொறையும் இல்ல. இப்பக் கொஞ்ச நாளா அவங்க நீட்டுனாலும் நான்தான் வாங்கல. அவங்க வேல போயிடக் கூடாதேன்னு.”

அதிகாரிக்கு முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியாது. “இதுக்காகவா நிறுத்தி வச்சீங்க?” என்று சூப்பிரண்டிடம் கேட்டார். என் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, “நல்லா வேலை செய்யுங்க” என்றார். பியூனைத் தாண்டித்தான் வெளியே போனார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் அன்று பாயசம். தங்கைகள் இரண்டு பேரும் என் மேல் விழுந்து புரண்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் காலை ஆபீஸில் ஒரே கலகலப்பு. இனி பயமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு மழைக்கு முளைத்த காளான் மாதிரி எல்லாக் கைகளும் திரும்ப வெளியே வந்திருந்தன. பக்கத்து மேசைக்காரர்தான் முதலில் வந்தார். வாசல் வழியாகத்தான் வந்தார். அங்கே நின்றவரைப் பார்க்காமலேயே வந்தார். “போன்ழூர், போன்ழூர்! ஜெயிச்சுட்டியேம்மா!” என்று எனக்குக் கையை நீட்டினார்.

நான் மிஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மொதல்ல வாசல்ல குடுத்துட்டு வாங்க” என்றேன்.

அவர் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் திரும்பி வாசலுக்குப் போய், நுனி விரல் இல்லை, முழுக் கையையும் நீட்டினார். எனக்கு உள்ளுக்குள் பெரிய வெற்றிக் களிப்பு.

பியூன் அந்தக் கையைப் பார்த்தார்.

“அந்தம்மா சொல்லி வந்தீங்க. வேணாம் மெஸ்யே. நீங்களா வர்ற அன்னிக்கு வாங்க, குடுக்கறேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பக்கத்து மேசைக்காரர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் போனார்கள். அது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான், பியூனுக்குரிய மரியாதையை நான் உத்தரவு போட்டு வாங்கித் தரப் பார்த்தேன் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து வாசலுக்குப் போனேன். அவர் கையைக் கொடுத்தார்.

சூப்பிரண்டு தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்று அவர் என்னை ஒன்றுக்கும் திட்டவில்லை.