ஒரே ஒரு பிசிறு

இருபது வருடம் சட்டைக் காலர் தைத்தவள் என் மனைவி. ஆலையை மூடிவிட்டதால் மூன்று மாதமாக வேலையில்லை.

நான் வாங்கிவந்த ஹோம் தியேட்டர் போட்ட வேகத்தில் அணைந்தது. ஸ்பீக்கர் ஒயர்களை நான்கு தடவை கழற்றி மாட்டினேன். "குப்பையைத் தலையில கட்டிட்டான்!" என்று கடைக்காரனைத் திட்டினேன்.

அவள் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். "சிவப்பு ஒயர்ல ஒரு பிசிறு நீட்டிக்கிட்டு கறுப்பைத் தொடுது." கத்தரித்து, செம்பு இழைகளை நூல்போல முறுக்கி, பழக்க தோஷத்தில் நாக்கில் வைக்கப் போனாள்.

"ஐயோ, கரண்ட்!"

"பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் உட்கார்ந்தேன். உங்களை மாதிரியா?"

பாட்டு வீட்டை நிறைத்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு மாட்டினது? எங்க வீட்டுதும் அணைஞ்சு அணைஞ்சு போகுது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கத்தரிக்கோலும் கையுமாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.