கழட்ட முடியாத கழுத்து

செய்துவைத்த கழுத்தைத் திருகாணி போட்டு முடுக்கி, 'கிட்டார்' என்று விற்கிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கழுத்திலிருந்தே கிட்டாரை எழுப்பத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். அதனாலேயே அவருக்குக் கழுத்துக்காரர் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த கடைக்காரருக்கே தெரியாது.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கதவு ஜன்னல் செய்கிற பட்டறையில் மரத்தூள் கூட்டப் போனவர், கூட்டிக்கொண்டே கண்ணால் திருடித் தொழில் கற்றவர். ஒருவன் கை கொடுத்து ஏற்றிவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. ஏறவேண்டிய ஏணியையும் தானே செய்துகொண்ட மனிதர். தாய் தகப்பன் போன பிறகு சின்னத் தங்கையையும் அந்த ஏணியிலேயே தூக்கிக்கொண்டு ஏறினார்.

அவர் வேலை எப்படி என்றால், மற்றக் கிட்டார்களில் உடம்பு தனி, கழுத்து தனி. நாலு திருகாணிதான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் அதைக் கட்டில்கால் வேலை என்பார். அவருடைய கிட்டாரில் கழுத்துதான் முதுகெலும்பு. தலையிலிருந்து அடிவரை ஒரே மரமாக ஓடும். முதலில் ஒரு பலகையை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டை மட்டும் புரட்டிப்போட்டு மறுபடி ஒட்டுவார். மரமும் சம்பந்தி வீட்டாரும் ஒன்று, எப்போது எந்தப் பக்கம் முறுக்கிக்கொள்வார்கள் என்று தெரியாது. ரேகையை எதிரெதிராக வைத்துவிட்டால் ஒன்றின் முறுக்கை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். ஒட்டினது மாதக்கணக்கில் கிடந்து அடங்கின பிறகுதான் மேல்பக்கம் வாய்க்கால் மாதிரி நீளக் காடி வெட்டி, உள்ளே ஓர் எஃகுக் கம்பியைப் படுக்க வைப்பார். அதன் மேல் விரல் பலகை மூடிவிடும். தந்திகள் முன்னால் இழுக்க, கம்பி பின்னால் இழுக்க, கழுத்து நேராக நிற்கும். கடைசியில்தான் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மரத்தை ஒட்டி உடம்பு உண்டாக்குவார். "எல்லாரும் உடம்புக்குக் கழுத்து மாட்டுவாங்க, நான் கழுத்துக்கு உடம்பு மாட்டுறேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நடுவே மூட்டு இல்லாததால் வாசிக்கிற கை தடுக்காமல் விரல் பலகையில் பதித்த கடைசிக் கட்டைவரை வழுக்கிக்கொண்டு போகும்.

கழுத்து கெட்டுப்போனால் என்ன செய்வது என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சிவந்துவிடும். "என் கிட்டார்ல கழட்டுற பேச்சே கிடையாது" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

இப்படிச் செய்த முதல் கிட்டார் தங்கைக்கு. அவள் அதை மாட்டிக்கொண்டு சனிக்கிழமைகளில் ஒரு நடன மண்டபத்தின் வாத்தியக் குழுவில் வாசித்தாள். மேடையில் அவள் கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் அவர் பட்டறையைத் தேடி வந்தார்கள். வருஷங்கள் ஓடின. பட்டறை வளர்ந்தது. அவளுக்கு அந்த மேடை நாற்காலியைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். கழுத்து தடித்துப்போன மாதிரி இருக்கிறது, எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்துகிற முழுப்பிடி பிடிக்க விரல் வளையவில்லை என்றாள். ஈரத்தில் மரம் ஊதினாலும் இவ்வளவு ஊதாதே என்று அவர் ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. இருந்தாலும் தங்கை சொன்னால் சொன்னதுதான். தந்திகளைக் கழற்றி, முதுகுப் பக்கத்தைத் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுக் கொடுத்தார். அவள் வாசித்துப் பார்த்து, இப்போது சரி என்று போனாள்.

சில வாரத்தில் மறுபடி வந்தாள். மறுபடி இழைத்தார். அப்போதுதான் அவள் இடது கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. டாக்டரிடம் அழைத்துப்போனார். நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, இது நிற்காது, திருப்பிக் கொண்டுவர மருந்தும் இல்லை என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். வெளியே வந்ததும் கழுத்துக்காரர், இந்த ஆள் ஒரு நாளாவது கிட்டார் பிடித்திருப்பானா, கையைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று திட்டிக்கொண்டே நடந்தார். டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கழுத்துக்காரர் மனைவிதான் வீட்டில் அதைப் போட்டு உடைத்தாள். "அவ கை இளைக்குது. நீங்க மரத்த இளைக்க வைக்கிறீங்க. எது முதல்ல தீரும்னு பாக்கப் போறீங்களா?"

அவர் சோற்றில் கை கழுவி எழுந்தார்.

ஒல்லிக் கழுத்தில் புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்று தங்கையிடம் சொல்லிப் பார்த்தார். அவள் வேண்டாம் என்றாள். பலகை ஒட்டி அடங்குவதற்குள் தன் கை அடங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இதில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்குவேன் என்று மட்டும் சொன்னாள்.

மண்டபத்துக் குழுத் தலைவர் நல்ல மனிதர். முதலில் அவளுக்கு லேசான பகுதிகளாகக் கொடுத்துப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் இன்னோர் ஆளை உட்கார வைத்தார். கடைசியில், வருகிற சனிக்கிழமை ஒரு நீளப் பாட்டை முழுப்பிடியோடு வாசிக்க முடிந்தால் நாற்காலி உங்களுடையதுதான், முடியாவிட்டால் என்னை மன்னிக்கவேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வந்து கிட்டாரை வேலைப் பலகைமேல் வைத்தாள். அதைத் தூக்கிவரவே மூச்சு வாங்கியது.

கழுத்துக்காரர் நகத்தால் கழுத்தின் முதுகைத் தட்டிப் பார்த்தார். சத்தம் முட்டை ஓடு மாதிரி கேட்டது.

"இதுக்கு மேல முடியாதும்மா. உள்ள கம்பி இருக்கு."

"கொஞ்சம்கூடவா மிச்சம் இல்ல? உங்களால முடியாததா அண்ணே."

அந்தப் பட்டறையில் முடியாது என்று சொல்லி யாரையும் அனுப்பாதவர். அது தன் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தவர். "இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

தந்திகளைக் கழற்றினார். தகட்டை எடுத்துச் சுரண்டினார். வெங்காயத் தோல் மாதிரி சீவல் சுருண்டு விழுந்தது. நடுநடுவே அவள் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் பாதிவரை வளைந்து நின்றன. இன்னும் கொஞ்சம் என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் என்று இழைத்தார். விரல்கள் அதே இடத்தில்தான் நின்றன. பிறகு தகட்டின் சத்தம் மாறியது. மரத்தைச் சுரண்டுகிற சத்தம் போய், பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம் வந்தது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். கழுத்தின் முதுகில் ஒரு விரல் நீளத்துக்கு எஃகு பளபளத்தது.

அவள் வலது கையால் அதைத் தொட்டாள். "சில்லுனு இருக்கு" என்றாள்.

அவர் வேகவேகமாகப் பேசத் தொடங்கினார். மேலே ஒரு மரப்பட்டை வைத்து ஒட்டிவிடலாம், பசை காய்ந்ததும் வெளியே தெரியாமல் தேய்த்துவிடலாம் என்றார். பட்டை ஒட்டினால் பழையபடி தடித்துவிடும் என்பது சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உறைத்தது. கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார்.

"வேற கழுத்து மாட்டிக் குடுத்துருங்களேன்" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவர் நிமிரவில்லை. "சொல்லுங்கண்ணே. வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வீங்களே."

"என் கிட்டார்ல கழட்டுற பேச்சே கிடையாது" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் தன் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கைப்பையை எடுத்து வைக்கிற மாதிரி. "கழுத்துல ஒரு குறையும் இல்லண்ணே. முதல் தடவ வந்தப்பவே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏம்மா இழைக்கச் சொன்ன?"

"நீங்க இழைக்கிறதப் பாத்துட்டு இருக்கும்போது, சரியாயிரும்னு தோணும்."

பஸ் நிறுத்தம்வரை வருகிறேன் என்றார். வேண்டாம் என்று தனியாகப் போனாள். மறுநாள் அவள் மண்டபத்துக்குப் போகவில்லை. அவர்தான் போய்க் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

கிட்டார் பலகைமேலேயே கிடந்தது. எதிர்த்து இழுக்கத் தந்தி இல்லாதபோது கம்பியை முடுக்கியபடி விட்டால் கழுத்து பின்பக்கமாக வளைந்துவிடும். அதனால் கம்பி முனைத் திருகாணியில் சாவியைப் போட்டு, தளர்ந்து சும்மா சுற்றுகிறவரை கம்பியைத் தளர்த்தினார். இனி யாரும் வாசிக்கப் போவதில்லை என்றாலும், அதை வளையவிட அவர் கை கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒருவர் வந்து, உங்கள் கிட்டாரைப் பற்றி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒன்று செய்து தரவேண்டும் என்றார். மரத்தைக் காட்டினார் கழுத்துக்காரர். விலை பேசுவதற்கு முன்னால் வந்தவர், எல்லாரும் கேட்கிற கேள்வியையே கேட்டார், கழுத்து கெட்டுப்போனால் என்ன செய்வது என்று.

"கிட்டாரே போச்சு" என்றார் கழுத்துக்காரர்.

வந்தவர் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் திரும்ப வரவில்லை.