புகழேந்தியும் பட்டாளத்து ஆபீசும்

இது நடந்த கதை. சந்தேகம் இருந்தால் செங்கம் ரோடு ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நடந்தது ஒரு முழம்தான். என் வாய்க்கு வந்ததும் மூன்று முழமாகியிருக்கும். அதற்கு வாயைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

புகழேந்தி எங்கள் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் மீசையில் இரண்டு குருவி தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். வீட்டை விட்டு வந்து கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்துவிட்டவர்களைக் கண்டுபிடிப்பது அவனுக்கு ஒரு கிறுக்கு. ஒன்பது பேரைக் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறான். சவாரிக்காரர்களிடம் நான் தொண்ணூறு என்பேன். அவனாகவே ஓர் அட்டை அடித்து, 'சிறப்புத் துப்பறிவாளர்' என்று போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

கீழ்பென்னாத்தூர் சரோஜா அவனைத் தேடி வந்தாள். புருஷன் அருள்ராஜ் பட்டாளத்துக்காரன். கல்யாணமாகி இருபதாம் நாள் லீவு முடிந்து ரயிலேறியவன் யூனிட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பதினோரு வருஷம் ஆயிற்று. பட்டாளம் 'ஓடிப்போனவன்' என்று எழுதி மூடிவிட்டது.

"உயிரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்கண்ணா. இன்னும் அவரு நம்பருக்குப் போன் போடறேன். அது வேற யாருக்கோ போயிடுச்சு. இருந்தாலும், அவங்க 'அலோ'ன்றதுக்கு முன்னாடி மணி அடிக்குதில்ல, அது வரைக்கும் நல்லாருக்குது."

எந்த ஸ்டேஷனில் கடைசியாகப் பார்த்தார்கள் என்று கேட்க, புகழேந்தி ரயிலேறிப் பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்குப் போனான். அதிகாரியின் மேஜையில் எங்கள் ஊர் தேரையே திருப்பலாமாம். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"யாருய்யா நீ?"

"தேடறவன் சார்."

"தேடச் சொல்லி யாரு உத்தரவு குடுத்தது?"

"அவரு பொண்டாட்டி."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். கல்யாணம் ஆனதை யூனிட்டில் போய்த்தான் பதிய வேண்டும். அருள்ராஜ்தான் போய்ச் சேரவே இல்லையே!

"எங்க ரெக்கார்டுல இவருக்குக் கல்யாணமே ஆகல. உன் அட்டையும் செல்லாது, அந்தம்மாவும் செல்லாது."

"அப்போ தாலி செல்லுங்களா சார்?"

அவ்வளவுதான். அட்டையைப் பிடுங்கிக் கத்தரியால் நறுக்கிவிட்டார். "ஆளு கெடச்சா சொல்லு, வந்து தூக்கிக்கிறோம். ஓடிப்போனவனுக்கு ஜெயிலு."

இதை அப்படியே சரோஜாவிடம் சொல்லித் தொலைத்தான்.

அட்டை போனாலும் கண் போகவில்லை. பௌர்ணமி மத்தியானம் அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளி தூக்குவதுதான் அவன் துப்பறிகிற வழி. குனிந்து ஊற்றினால் எந்தத் தாடிக்குள் எந்த முகம் என்று தெரிந்துவிடும். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வையைப் பார்த்தான். மற்றச் சாமியார்கள் சுருட்டிப் போட்டிருக்க, ஒருத்தர் மட்டும் மூலைக்கு மூலை சேர்த்துச் செங்கல் மாதிரி மடித்து வைத்திருந்தார். பட்டாளத்து மடிப்பு! பேரைக் கேட்டால் வாய் திறக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு சரோஜாவை நான்தான் ஆட்டோவில் கூட்டிப் போனேன். எதிரில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மலையே ஆடியது என்று சொல்லலாம். இந்த இடத்தில் மட்டும் எனக்குப் புளுக மனசு வரவில்லை.

"இவரு இல்லண்ணா" என்றாள்.

ஆனால் நகரவில்லை. புகழேந்தி கையிலிருந்த வாளியை வாங்கினாள். அவர் சொல்லாமலே முருங்கைக்காயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, பார்த்துப் பார்த்து அவர் இலையில் ஊற்றினாள். இப்போது ஒரு பௌர்ணமி தவறாமல் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள்.

ஸ்டாண்டில் நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள், ஆட்டோக்கார மூர்த்தி டீ கிளாசை ணங்கென்று வைத்தான்.

"அவரேதான்யா! ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பொய் சொல்லிட்டா."

"நீ பெரிய ஜோசியக்காரன்" என்றாள் டீக்கடைத் தங்கம்மாள். "பதினோரு வருஷம் ஏங்கினவ, ஆளக் கண்டா உட்டுடுவாளா? கட்டிப் புடிச்சிருக்க மாட்டா?"

"கட்டிப் புடிச்சா பட்டாளத்து ஜீப்பு வரும்கா!"

"கத்தாதடா!" பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த புகழேந்தி எழுந்து வந்தான். "நாலு பேரு போற ரோடு."

"அவரு இல்லன்னா நீ ஏன்டா பயப்படற?" என்றான் மூர்த்தி.

புகழேந்தி அவன் சட்டையைப் பிடித்தான்.