விழுந்த கையில் எடுத்த ரத்தம்

நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவர் விதி தெரிந்துவிட்டதாக நினைக்க வைக்கிற வேலை ஒன்று உண்டென்றால், அது ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலைதான். எண்பதுகளில் அரியலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அதைப் பார்த்தேன். ஊசியும் சீசாவுமாகக் காலம் தள்ளிய கூட்டாளிகளே, இந்தக் கிறுக்கு உங்களையும் ஒருநாள் பிடித்திருக்கும்.

மூன்றாம் நாள்

பக்கவாதத்தில் கை கால் விழுந்து வருகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் சர்க்கரையும் வெள்ளணுவும் பார்க்கச் சொல்வார். பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டது. முன்பு சர்க்கரை வியாதியே இல்லாதவருக்கு, வந்த அன்று சர்க்கரையும் வெள்ளணுவும் சேர்ந்து ஏறியிருந்தால் பெரும்பாலும் மூன்றாம் நாள் நினைவு தப்பும். இரண்டும் அடங்கியிருந்தால் பத்துப் பதினைந்து நாளில் விரலாவது அசையும்.

டாக்டரிடம் சொன்னேன். "கவனிக்க வேண்டிய விஷயம்தான்யா, ஆனா அத வச்சுத் தீர்ப்பு எழுதிடாத" என்றார். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வார்டில் சீட்டைக் கொடுக்கும்போதே, இவர் தேறுவார், அவர் தேறமாட்டார் என்று சொல்ல ஆரம்பித்தேன். நர்ஸ் ஸ்டெல்லா ஒருநாள் சீட்டை வாங்காமலே கேட்டார்: "நீங்க ரத்தம் பாக்குறீங்களா சார், இல்ல நாள் குறிக்கிறீங்களா?"

ஜன்னலில் ஒரு கேள்வி

நாலைந்து தடவை பலித்ததும் பேர் பரவிவிட்டது. டாக்டரைப் பார்க்குமுன் என் ஜன்னலுக்கு வந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்த ஒருவர், அப்பாவைச் சேர்த்துவிட்டுச் சட்டையெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்து நின்றார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, சிரித்தவன் நான்தான். "டாக்டர் சொல்றது கெடக்கட்டும் சார், நீங்க சொல்லுங்க. எங்கப்பாருக்குக் கயித்துக் கட்டில் பின்னச் சொல்லட்டுமா, பாடை கட்டச் சொல்லட்டுமா?"

ஆண்டிமடத்துக்காரர்

முந்திரிக்காடு வைத்திருந்த பொன்னுசாமிக்கு இடது கையும் காலும் விழுந்திருந்தன. விழுந்த கையில்தான் ரத்தம் எடுப்பேன், வலிக்காது, உதறமாட்டார்கள். தலைமாட்டில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. குழாய் போர்வைக்குள் போயிருந்தது. நல்ல கைக்குத்தான் போகிறது என்று நினைத்து, விழுந்த கையில் முழங்கை மடிப்பு மட்டும் தெரியப் போர்வையை விலக்கி ரத்தம் எடுத்தேன்.

சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. வெள்ளணு மட்டும் குறைவு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டாக்டர் அன்று பெரம்பலூருக்கு மீட்டிங் போயிருந்தார். பொன்னுசாமியின் மனைவி அஞ்சலை ஜன்னலுக்கு வந்து கேட்டபோது நான் தயங்கவே இல்லை. "உசிரு வூட்டுல போகணும்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றேன். கூட்டிப்போனார்கள்.

மறுநாள் காலையில் வேறொருவருக்கு ஸ்டெல்லா விழுந்த கையிலேயே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். "நல்ல கையில போட்டாப் புடுங்கிப்புடுறாங்க சார். ஆண்டிமடத்துக்காரருக்கும் இப்படித்தான் போட்டேன்." நான் அளந்தது அவர் ரத்தத்தை அல்ல, பாட்டிலில் இருந்த சர்க்கரையை. வெள்ளணு குறைந்து தெரிந்ததும் அந்தத் தண்ணீர் கலந்ததால்தான்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். போகிற உயிர் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சங்காக வாயில் பால் ஊற்றியிருக்கிறார்கள். சரியாக விழுங்க முடியாத மனுஷன். நாலாவது சங்கில் புரையேறி மூச்சு நின்றுவிட்டது. அதுவரை பேசிக்கொண்டிருந்தாராம்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. அஞ்சலை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகூப்பினார். "நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு சார். நல்லவேளை, நீங்க சொன்னதால உசிரு வூட்டுல போச்சு."

சொன்னது பலிக்காமல் ஜோசியத்தை விட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பலித்ததால் விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.