வியர்த்த சுவர்

தினமும் காலையில் தையல் மெஷினை மூடிய துணியை எடுப்பதற்கு முன் கொளஞ்சி புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தைத் தொடுவதுபோல முதலில் இடுப்பு உயரத்தில், பிறகு தோள் உயரத்தில், கடைசியாக முக்காலியில் ஏறி மேலே ஒரு தடவை. கை உலர்ந்தே இருந்தால், “இன்னிக்கும் ஒழுங்கா இருக்கற” என்று சுவருக்கு ஒரு பாராட்டு. அதற்குப் பிறகுதான் காபி.

கடலூர் முதுநகரில், துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. பெண்ணாடத்துப் பக்கம் பிறந்து, லாரி ஓட்டும் செந்தமிழ்செல்வனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். பரதநாட்டியம் ஆடும் பெண்களுக்கு உடை தைப்பது தொழில். சிதம்பரத்தில் நடன வகுப்பு நடத்தும் வித்யா டீச்சரின் மாணவிகளில் பாதிப்பேர் கொளஞ்சி தைத்த விசிறி மடிப்பை விரித்துத்தான் முதன்முதலாக மேடையேறியிருக்கிறார்கள். அவர்களுடைய பெயரெல்லாம் இவருக்கு நினைவில் நிற்காது. “அந்த அரக்கு பார்டர் பொண்ணு”, “மயில்கழுத்து கலரு” என்பார். நடனம் எப்படி இருந்தது என்று கேட்டால், “அரமண்டில உக்காரும்போது விசிறி முழு வட்டமா நின்னுது” என்று பதில் வரும். ஆட்டத்தைப் பற்றி அவருக்கு இருக்கும் கருத்து அவ்வளவுதான்.

அடக்கம் அவரிடம் கிடையாது. “கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் என்ன மாதிரி மடிப்பு வெக்க ஆள் இல்ல சார்.” வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே இதைச் சொல்வார். ஒரு ஊசிகூடக் கீழே விழாது.

அப்படிப்பட்டவரைப் போன சித்திரையில் ஒரு சுவர் ஆட்டிப் படைத்தது. எங்கள் சந்தில் எல்லாம் பழைய வரிசை வீடுகள். கொளஞ்சியின் தையல் அறைக்கும் பக்கத்தில் கேக் கடை வைத்திருக்கும் கதிரவனின் பின்கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒல்லியானது. மழையே இல்லாத மாதத்தில் அந்தச் சுவர் ஈரமானது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. ஓரமாக நின்ற பீரோவின் முதுகில் துரு ஏறியது. உள்ளே இருந்த இலைப்பச்சைப் பட்டு விசிறியைப் பிரித்தபோது, மடிப்புக்கு மடிப்பு சாம்பல் நிறத்தில் பூஞ்சைப் புள்ளிகள். அடுத்த வாரம் அது மேடைக்குப் போக வேண்டிய உடை.

வித்யா டீச்சர் திட்டவில்லை. துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, “இந்தத் தடவ மட்டும் வேற இடத்துல குடுத்துக்கறேன் கொளஞ்சியம்மா” என்றார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று கொளஞ்சி பிறகு என்னிடம் சொன்னார். இந்தத் தடவை மட்டும் என்றது அடுத்த தடவைக்கும் நீண்டது. மெஷின் சத்தம் கேட்காமல் எங்கள் சந்தே என்னவோ போலிருந்தது.

“வீட்ட வித்துட்டு நெல்லிக்குப்பம் போயிடலாம்” என்றார் செந்தமிழ்செல்வன். அவருக்கு லாரி நிற்கும் இடம்தான் வீடு.

“செவுத்துக்குப் பயந்துகினு ஓடறதுக்கா நான் இங்க வாக்கப்பட்டேன்?” என்றார் கொளஞ்சி.

அவருடைய முதல் சந்தேகம் கதிரவனின் குளியலறைக் குழாய்மீது. நட்ட நடுத் தெருவில் நின்று, “ஒன் பைப்பு ஒழுவறதுல என் பொழப்பு ஒழுவுது” என்று சத்தம் போட்டார். கதிரவன் ரோஷக்காரர். ஆளை வைத்து டைல்ஸை உடைத்துக் காட்டினார். உள்ளே மண் உலர்ந்து கிடந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அடுத்து பொன்னுரங்கம் மேஸ்திரி வந்தார். “தரையோட ஓதம் ஜாஸ்தியா இருக்கும்மா” என்று பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார். அது காய்ந்ததும் தண்ணீர் புகாத பெயிண்ட்டும் அடித்தார். தண்ணீர் புகத்தான் இல்லை. பெயிண்ட்டின்மேல் முத்து முத்தாக நின்று, கோடு கோடாக வழிந்து, தரையில் தேங்கியது. மேஸ்திரி தலையைச் சொறிந்தபடி போய்விட்டார்.

மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாளில் விஷயம் வெளிப்பட்டது. கொளஞ்சி தரையில் உட்கார்ந்து தன் ரவிக்கை ஒன்றுக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அலுப்பில், மறந்துபோய் அந்தச் சுவரிலேயே சாய்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து முதுகைத் தடவிப் பார்த்தால் ஈரம் இல்லை. எழுந்து சுவரைத் தடவினார். அங்கும் இல்லை. சாயங்காலம் மின்சாரம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமத் தொடங்கியது. கிரீம் கேக் வைப்பதற்காகக் கதிரவன் கோடை தொடக்கத்தில் பின்கட்டில் மாட்டிய ஏசி அது. விடிந்ததும் சுவரில் மறுபடி முத்துகள்.

காலையிலேயே என் வீட்டுக் கதவைத் தட்டினார். “சார், அது ஓதம் இல்ல, ஒழுக்கும் இல்ல. ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வெளிய வேர்க்குதுல்ல? அதான். அவன் அந்தப் பக்கம் குளுர வெக்கறான், இது இந்தப் பக்கம் வேர்க்குது.”

அன்றே கேக் கடை வாசலில் போய் நின்றார். கதிரவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, ஒன் பைப்பு மேல குத்தம் இல்ல. தெருவுல நின்னு பழி போட்டேன், தெருவுல நின்னே வாபஸ் வாங்கறேன்” என்றார் கொளஞ்சி.

“சரிக்கா. இப்ப என்னா வேணும்?”

“ஒன் ஏசிதான் செவுத்த நனைக்குது.”

“நிறுத்தச் சொல்றீங்களா? நிறுத்துனா கிரீம் எல்லாம் பாயசமாயிடும்க்கா. கரண்ட் இல்லாத அன்னிக்கு மொத்த சரக்கையும் ஃபிரண்டு கடைக்கு அனுப்பிட்டு உக்காந்திருந்தேன்.”

“நிறுத்த வாணாம். குளுரு செவுத்துல படாம பண்ணு.”

“எப்பிடி?”

அதற்கான பதில் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் கிடைத்தது. சங்கரா மீன் வாங்கப் போனவர், வெயிலில் கிடந்த தெர்மாகோல் பெட்டியைப் பார்த்தார். உள்ளே நிறைய ஐஸ். வெளியே தொட்டால் சொட்டு ஈரம் இல்லை. பக்கத்தில் அதே ஐஸ் போட்டிருந்த அலுமினியக் கூடையோ தொப்பலாக நனைந்திருந்தது. மீன் வாங்க மறந்து, ஒரு காலிப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கேக் கடைக்கு வந்தார்.

“மீன் பெட்டிய எடுத்துகினு உள்ள வராதீங்கக்கா, கஸ்டமர் இருக்காங்க” என்று கதிரவன் ஓடிவந்தார்.

“இத ஒட்டச் சொல்லல. புதுசா அட்ட வாங்கி ஒன் பக்கத்துல ஒட்டுவோம். குளுரு ஒன் ரூமுலயே நிக்கும். ஏசியும் கம்மியா ஓடும். சரியா வரலன்னா நானே பிச்சிப் போட்டுட்டு, ஒன் செவுத்துக்கு வெள்ளயும் அடிச்சித் தரேன்.”

கதிரவன் அரை மனதோடு தலையாட்டினார்.

செந்தமிழ்செல்வனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஆளைவிட உயரமான தெர்மாகோல் அட்டைகளை அணைத்துக்கொண்டு, கடற்காற்றில் வண்டி இப்படியும் அப்படியும் சாய, “மெதுவா, ஒடஞ்சா ஒன்ன வுட மாட்டேன்” என்று அதட்டியபடி அவர் சந்துக்குள் நுழைந்ததை நானே பார்த்தேன். பொன்னுரங்கம் மேஸ்திரி இடைவெளி இல்லாமல் அட்டையை ஒட்டி, மேலே பிளைவுட் அடித்து மூடினார். ஏசி திரும்ப ஓடியது. பொழுது விடிந்தது. சுவர் காய்ந்து கிடந்தது. கொளஞ்சி கணவரைத் தொட வைத்தார். மேஸ்திரியைத் தொட வைத்தார். என்னையும் கூப்பிட்டார். கடைசியில் கதிரவன் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இப்ப ஏசி அப்பப்ப தானா நிக்குதுக்கா” என்று சிரித்தார். கையில் ஒரு தட்டு கேக் கொண்டுவந்திருந்தார். கொளஞ்சி மறுக்காமல் முழுவதையும் தின்றார்.

அந்த வாரமே பஸ் ஏறிச் சிதம்பரம் போனார். “டீச்சர், ஒரே ஒரு துணி குடுங்க. பாழாச்சுன்னா நான் மெஷினயே தூக்கிப் போட்டுடறேன்.” வித்யா டீச்சர் யோசித்து, விஜயதசமியன்று அரங்கேறவிருந்த இசைவாணியின் பட்டைக் கொடுத்தார். புரட்டாசி முழுக்க மழை. தைத்து முடித்த உடை பீரோவில் இருந்தது. தினமும் எடுத்து முகர்வார். புதுப்பட்டின் வாசனை தவிர வேறொன்றும் வராது. அரங்கேற்றத்தில் இசைவாணி அரைமண்டியில் அமர்ந்ததும் விசிறி பளிச்சென்று விரிந்தது. ஜதி முடியும் முன்பே, சபை முழுவதும் அமைதியாக இருக்கும்போது, ஒற்றை ஆளாக எழுந்து நின்று கை தட்டியவர் கொளஞ்சி.

ஐப்பசியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகல், வித்யா டீச்சரே ஆட்டோவில் வந்து இறங்கினார். மார்போடு அணைத்திருந்த பையில் அடுத்த பெண்ணுக்கான பட்டு, தும்பைப்பூ வெள்ளை. ஒரு புள்ளி விழுந்தாலும் கடைசி வரிசைக்குத் தெரியும். சந்தில் தண்ணீர் ஓடியது. ஜன்னல் கம்பியில் சாரல் சொட்டியது. பையைக் கொடுக்க மனம் வராமல் டீச்சர் கேட்டார்: “மழை விடற வரைக்கும் இத எங்க வெப்பீங்க?”

கொளஞ்சி உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தார். அந்தச் சுவரின் நட்ட நடுவில் ஓர் ஆணியை வைத்து ஓங்கி அடித்து இறக்கினார். டீச்சரின் கையிலிருந்து பையை வாங்கி, வெள்ளைப் பட்டை எடுத்து உதறி, ஹேங்கரில் போட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும்படி மாட்டினார்.