பாதி சார்ஜ்

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன்மலைக்கு ஏறும் சாலையில், மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் மூட்டையோடு நின்ற என்னை ஏற்றிக்கொண்டவர் அவர். பெயர் கேட்கவில்லை. ஒட்டிய கன்னம், லுங்கி, தலையில் முக்காடாக ஒரு உரச்சாக்கு. ஓட்டியது எலக்ட்ரிக் பைக். கட்டைவிரலால் மீட்டரின் ஈரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபடியே ஓட்டினார்.

நான் ஊர் ஊராகச் சுற்றியவன், வாய் சும்மா இருக்காது. "மலையேற இதையா வாங்கினீங்க? பெட்ரோல் வண்டி கெடைக்கலயா?" என்றேன்.

"எல்லாரும் அதத்தான் சிரிச்சிக்கினு கேக்கறாங்க."

செங்குத்தான வளைவில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். நானும் பின்னால் தள்ளினேன்.

"சார்ஜ் தீந்துடுச்சா?"

"பாதி கீதுங்க."

"அப்புறம் இன்னாத்துக்குத் தள்ளறீங்க?"

"மேல மரம் வுழுந்து கரண்டு இல்ல. கீழ போய் சார்ஜ் போட்டுக்கினு வரேன். எம்பொண்ணுக்கு நெஞ்சு சரியில்ல. ராத்திரி ஆக்ஸிஜன் மெஷின் இந்த பேட்டரிலதான் ஓடணும். பாதிக்குக் கீழ எறங்கினா விடியிற வரைக்கும் தாங்காது. அதுக்குத்தான் இந்த வண்டியே வாங்கனேன்."

அடிவாரத்திலிருந்து நானும் என் மூட்டையும் எவ்வளவு சார்ஜைத் தின்றிருப்போம்! மூட்டையை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"என்னை எதுக்குங்க ஏத்தினீங்க?"

"நனைஞ்சிக்கினு நின்னீங்களே" என்றார், இதையெல்லாம் கேட்பார்களா என்பதுபோல.

அவர் வீடுவரை தள்ளினோம். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

இன்றும் யாராவது எனக்காக வண்டியை நிறுத்தினால் ஏறக் கால் கூசுகிறது.