மகள் அறையில் தொங்கிய மாங்காய்க் கரை

எண்பத்தொன்றாம் வருடத்துக் கோடை விடுமுறையில் நடந்தது இது. ஆரணியில் பட்டு நெசவாளர் தெரு ஒன்றில் நாங்கள் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குமுன் என் கணவருக்குப் படவேட்டுப் பக்கம் வேலை. அங்கே பஸ் நாளைக்கு இரண்டுதான், அதுவும் வந்தால்தான் நிச்சயம். பள்ளிக்கூடம் சரிப்படாது என்று எங்கள் ஒரே மகளை மெட்ராஸில் என் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். இரண்டு வருடம் அங்கேயே படித்தாள். ஆரணிக்கு மாற்றல் கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், மகளை அனுப்பிவையுங்கள் என்று கடிதம் போட்டதுதான்.

ஒரே உறையில் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்பது வயது மகள் எழுதியிருந்தாள்: "அத்தை வீட்டில் எனக்குத் தனி ரூம். ரோஸ் கலர் ஸ்கிரீன். மேஜை விளக்கு. அங்கே எனக்கு ரூம் இருக்கிறதா?" அதன் கீழே நாத்தனார் எழுதியிருந்தார்: "பத்து நாள் வைத்துப் பார். குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்றால் நானே வந்து அழைத்துப் போகிறேன். இங்கேயே படிக்கட்டும்."

நாத்தனார் நல்ல மனுஷி. அவர் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் பெற்ற பெண்ணை என்னிடமே பத்து நாள் சோதனைக்கு அனுப்புகிறார்களே என்று அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் கை சும்மா இருக்காது.

நாங்கள் குடியிருந்த பின்பகுதியில் ஒரு கூடம், ஒரு சமையலறை, அதையொட்டி முன்பு குடியிருந்தவர்கள் விறகு அடுக்கிய சின்ன அறை. கதவு கிடையாது. அந்த விறகு அறையைத்தான் என் மகளின் அறையாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். "கவர்னரா வராரு? ஒரு பாய் போட்டா தூங்கிடுவா" என்றார் என் கணவர். அவரையே ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

சுண்ணாம்பில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து நானே சுவரில் அடித்தேன். காய்ந்ததும் சுவர் வெளிர் நீலமாக எழுந்து நின்றபோது கூடத்துக்கும் அறைக்கும் பத்து தடவை நடந்து நடந்து பார்த்தேன். மளிகைக் கடையில் தேயிலை வந்த பலகைப் பெட்டிகளைக் கெஞ்சி வாங்கி, நான்கைச் சேர்த்துக் கட்டில் ஆக்கினேன். ஒன்றை நிமிர்த்தி வைத்தால் மேஜை. தெருக்கோடியில் சாயம் போடுகிறவரிடம் மிச்ச ரோஸ் சாயத்தில் கணவரின் பழைய வேட்டியை முக்கித் தரச் சொன்னேன். பட்டுக்குப் போடுகிற சாயம் பருத்தியில் பிடிக்காது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். வெளுத்த ரோஸ்தான் வந்தது. ஜன்னலில் மாட்டினால் அது ஏதோ வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நிறம் போல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாக்கி இரண்டே இரண்டு. வாசலுக்கு ஒரு திரை, விளக்குக்கு ஒரு மூடி.

எங்கள் வீட்டின் முன்பகுதியில் வீட்டின் சொந்தக்காரரான நெசவாளர் இருந்தார். இரண்டு தறி. தறிக்கு மேலே ஒரு பெட்டி, அதில் வரிசையாகக் கோத்த நீள நீளமான அட்டைகள். அட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. கரையில் வரும் மாங்காயும் மயிலும் அந்த ஓட்டைகளால்தான் வருகின்றன. அது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பின்பக்கக் கொட்டகையில் கிடக்கும் கிழிந்த அட்டைகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "சாக்குல கீது பாரு, எடுத்துக்கோ தங்கச்சி. அடுப்புக்குத்தான் போவுது" என்றார் அக்கா.

கொட்டகையில் சாக்கு இருந்தது. உள்ளே இருந்தவை நைந்து, ஓரம் பிய்ந்து கிடந்தன. அதற்குப் பக்கத்தில், மேலே பரப்பிய பலகையில், இன்னொரு கட்டு. நூற்றுச் சொச்சம் அட்டைகள், ஒன்றுகூட மடங்காமல், கயிற்றால் கட்டி வைத்திருந்தது. நான் கேட்டது சாக்கை. எடுத்தது அந்தக் கட்டை. அதுவும் பழசுதான், இல்லாவிட்டால் ஏன் கொட்டகையில் கிடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் ஒரு மூலையில் தெரியும். தெரிந்தும் எடுத்தேன்.

கோத்திருந்த கயிற்றை அறுத்து அட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் அடித்தது போக ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பும் பச்சையும் பெயிண்ட் டப்பாவில் மீதி இருந்தது. ஒவ்வொரு அட்டையின் நுனியிலும் அதை அடித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நுனியில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது, அதன்மேலும் அடித்தேன். காய்ந்தபின் சரம் சரமாகக் கோத்து வாசலில் தொங்கவிட்டேன். நான்கை மட்டும் பாதியாக வெட்டி, வட்டமாக வளைத்து விளக்குக்கு மூடி செய்தேன். விளக்கைப் போட்டேன். நீலச் சுவர் முழுக்க, கூரை முழுக்க, வெளிச்சப் பொட்டுகள். நானே சின்னப் பெண் மாதிரி கைதட்டினேன் என்றால் பாருங்கள்.

மகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாள். அதிகம் பேசவில்லை. இரண்டு வருடத்தில் அந்த அளவுக்கு விருந்தாளி ஆகிவிட்டிருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட என்னைக் கேட்டாள். அறைக்கு அழைத்துப் போய் விளக்கைப் போட்டேன். சுற்றிப் பார்த்தாள். கையை நீட்டி ஒரு பொட்டைப் பிடித்தாள், அது உள்ளங்கையில் ஏறி நின்றது. சிரித்தாள். "இது அத்த வீட்ல இல்லமா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பேன்.

மறுநாள் காலையில் முன்பக்கம் ஒரே பரபரப்பு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து கல்யாணப் புடவைக்கு ஆர்டர். போன வருடம் மூத்த பெண்ணுக்கு நெய்த அதே மாங்காய்க் கரை தங்கைக்கும் வேண்டுமாம். இரண்டாவது தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. அட்டைக் கட்டைக் காணோம்.

அக்கா சமையலறை ஜன்னலில் வந்து நின்றார். "காத்தாலேர்ந்து தேடிகினு இருக்காரு. ஒரே பேஜாரு. கொட்டாயில மேல ஒரு கட்டு இருந்திச்சே, பாத்தியா தங்கச்சி?"

"நான் பாக்கலையே அக்கா" என்றேன்.

எப்படி வந்தது அந்தப் பொய் என்று இன்றுவரை தெரியவில்லை. பத்து நாளில் ஒரு நாள்தான் போயிருக்கிறது, மகள் இப்போதுதான் சிரித்திருக்கிறாள், அதற்குள் அறையைப் பிரிப்பதா என்று மட்டும்தான் தோன்றியது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவள் தறி பார்க்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அம்மா, அந்தத் தறி மேல நம்ம வாசல் ஸ்கிரீன் மாதிரியே சுத்துதும்மா. அவங்க தேடறது இதுதானா?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ பாக்கலன்னு சொன்னியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் தப்பு வந்தால் கேட்கிற மாதிரி கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. பத்து நாளில் என் பெண் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிற முதல் விஷயம் இதுவா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் தேயிலைப் பெட்டிமேல் ஏறி வாசல் சரங்களைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு பேருமாக ஒரு பழைய புடவையில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு முன்பக்கம் போனோம். கிழிந்ததைக் கேட்டுவிட்டு நல்லதை எடுத்தேன், காலையில் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நெசவாளர் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்கம்மா?"

"அது மேலதான் பெயிண்ட் அடிச்சிட்டேன் அண்ணா."

அவர் அப்படியே தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அக்காவோ விடவில்லை. "கேட்டிருந்தா வேற நல்ல அட்டை வாங்கியாந்து குடுத்திருப்பேனே. அவ்ளோ தேடறோம், ஜன்னல்ல நின்னு கேக்கறேன், பாக்கலன்னு சொல்றியே. மனசு எப்டி வந்திச்சி உனுக்கு?" என்று பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஒரு அட்டை மாங்காயின் ஒரு வரி. முதல் அட்டைக்கு அப்புறம் இரண்டாவது, அதற்கப்புறம் மூன்றாவது என்று வந்தால்தான் அது மாங்காய். வரிசை கலைந்தால் ஜரிகை தாறுமாறாகக் கிடக்கும். நான் அழகு பண்ணுகிறேன் என்று அந்த வரிசையைத்தான் அழித்திருந்தேன்.

நெசவாளர் கடைசியில் எழுந்தார். "அட்டை எங்கியும் போகல. வரிசைதான் போச்சி" என்று பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கட்டம் கட்டமாக இருந்த தாளில் மாங்காய் வரைந்திருந்தது. கட்டம் நிறைந்திருந்தால் ஓட்டை, வெறும் கட்டமாக இருந்தால் ஓட்டை இல்லை. ஒவ்வொரு வரியாக எண்ணி, அதற்கான அட்டையைக் குவியலிலிருந்து தேட வேண்டும். "நாலு நாளாவது ஆவும். தறி நிக்கும்" என்றார்.

என் மகள் தாளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குவியலைக் கிளறினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அட்டையை எடுத்து, "இது இந்த வரி" என்றாள். நெசவாளர் எண்ணிப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"எப்டி கண்ணு கண்டுபுடிச்ச?"

"காம்பு இருக்கற எடத்துல ரெண்டு ஓட்டை தனியா நிக்குதில்ல, அத வெச்சு."

அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பிடக்கூட அங்கிருந்து அவளை எழுப்ப முடியவில்லை. ஞாயிறு முழுக்க அக்கா தாளைப் படிப்பார், மகள் தேடுவாள், நெசவாளர் சரிபார்த்துப் புது எண் போடுவார், நான் கோத்துக்கொண்டே வருவேன். பெயிண்ட் அடைத்த ஓட்டைகளைக் கோணி ஊசியால் குத்தித் திறந்ததும் நான்தான். வெட்டிப்போட்ட நான்குக்குப் பதிலாகப் புது அட்டையில் உளி வைத்துத் தட்டியதும் நான்தான், நெசவாளர் பக்கத்தில் நின்று கட்டம் சொல்லச் சொல்ல. விரலில் இரண்டு தடவை அடித்துக்கொண்டேன். அக்கா திட்டிக்கொண்டேதான் எண்ணெய் போட்டுவிட்டார். "ஐம்பத்தி மூணு கெடச்சிடுச்சி" என்று இப்படி ஒவ்வொரு எண்ணாக என் மகள் கத்தும்போதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் கையில் வேகம் வந்துவிடும். இரண்டே நாளில் முடித்தோம்.

திங்கட்கிழமை அட்டைகள் தறிமேல் ஏறின. சிவப்பும் பச்சையுமாக நுனி வைத்து அவை சுற்றுவதைப் பார்க்கத் தெருவே வந்து சிரித்துவிட்டுப் போயிற்று. முதல் மாங்காய் கீழிருந்து மெல்ல மெல்ல எழுந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குமேல் மாங்காயின் மூக்கு லேசாகக் கோணியது. நெசவாளர் மிதியிலிருந்து கால் எடுக்கும் முன்பே என் மகள், "எழுபத்தெட்டும் எழுபத்தொம்பதும் மாறிடுச்சு" என்றாள். பிரித்துப் பார்த்தால் அதேதான். இரண்டையும் மாற்றிக் கோத்து, நெய்த இழைகளைப் பிரித்து மறுபடி நெய்தார். மாங்காய் மூக்கும் முழியுமாக வந்து நின்றது. அக்கா என் தோளில் ஒரு அடி வைத்தார். செல்ல அடியா, கோபத்தின் மிச்சமா, நான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் நாத்தனார் வந்தார். நான் அவருக்கு அறையைக் காட்டினேன். வாசலில் திரை இல்லை, விளக்குக்கு மூடி இல்லை. வெளுத்த ரோஸ் ஸ்கிரீனும், பெட்டிக் கட்டிலும், நீலச் சுவரும்தான். நாத்தனார் சுற்றிலும் பார்த்துவிட்டு, என் மனது நோகக்கூடாது என்று, "காத்து நல்லா வருது" என்றார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. குழந்தை எங்கே என்றார். முன்பக்கம் கூட்டிப் போனேன்.

தறியின் பக்கத்தில் ஒரு பலகை போட்டு, முழங்காலில் கட்டம் போட்ட தாளை விரித்து உட்கார்ந்திருந்தாள் என் மகள்.

"கெளம்பலாமாடா? உன் ரூம் அப்படியே வெச்சிருக்கேன்" என்றார் நாத்தனார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தையைப் பார்த்ததில் சந்தோஷம்தான், ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இப்ப எப்படி அத்த வர்றது? புடவ பாதிதான் ஆயிருக்கு. மாங்கா கோணுச்சுன்னா யாரு பாப்பாங்க?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் நிறைந்துவிட்டது. மாலை பஸ்ஸில் அவர் தனியாகத்தான் போனார். ஏறும்போது, "அவ ட்ரங்குப் பெட்டியை யாராவது வந்தா கொடுத்தனுப்பறேன்" என்றார். அந்தப் புடவைக்கு அப்புறம் வேறு ஒரு புடவை வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, திரும்பிப் போகிற பேச்சே எழவில்லை.

எனக்கு அலங்காரப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. பக்கத்து வீடுகளில் குழந்தைக்கு அறை போடுகிறோம் என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நானும் ஏணியோடு போய் நிற்கிறேன். ஆனால் எந்த அறையையும் முழுசாக முடித்துக் கொடுப்பதில்லை. ஒரு சுவரையாவது அந்தக் குழந்தை வந்து செய்யட்டும் என்று விட்டுவிட்டு வருகிறேன்.